இராக்கம்மாவின் கழுத்து

ஹல்துமுல்லை,
14.2.1960

அன்பின் தையலுக்கு,

நான் சுகம். நீரும் சரோவும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே இங்கே என் காலை நினைப்பும் மாலை நினைப்பும்.

உமது கடிதம் கிடைத்தது. சரோ கணக்கில் முதலாவதாக வந்ததைத் தோட்டத்துக் கிளாக்கருக்கும் டீமேக்கருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் "தாயைப் போல" என்றார்கள். எனக்கு அதில் ஒரு பங்கும் தரவில்லை.

மாதக் கடைசியில் பதுளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனேன். நீர் கோபப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். வர வெளிக்கிட்ட அன்றைக்கு மேல்பிரிவுத் தொழிலாளர் லயத்தில் ஒரு பிள்ளைப்பேறு, மருத்துவிச்சி தனியே சமாளிக்க முடியாமல் ஆள் அனுப்பினாள். பஸ் போய்விட்டது. தாயும் பிள்ளையும் நலம்.

மழை விட்ட பிறகு கொழுந்து பொங்கி வருகிறது. நல்ல கொழுந்து துரைக்குச் சந்தோஷம், கொழுந்தெடுக்கிற பெண்களின் கழுத்துக்குக் கேடு. கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்த, பாரம் முழுவதையும் கழுத்துத்தான் இழுக்கிறது. விடிந்தால் என் டிஸ்பென்சரி வாசலில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். தைலம் கொடுப்பேன், ஒரு நாள் ஓய்வு எழுதுவேன், ஓய்வைக் கங்காணி வெட்டிவிடுவான். இதுதான் என் வைத்தியம்.

அவர்களில் இராக்கம்மா என்று ஒருத்தி. கணவன் நல்லையா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவன். மற்றவர்கள் தைலத்தை வாங்கி, துரையையும் என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு போவார்கள். இவள் பலமுறை வந்துவிட்டாள், ஒரு சொல்லும் சொல்வதில்லை. நேற்று பெஞ்சிலிருந்து எழும்பும்போது இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள், நிறைந்த குடத்தைத் தூக்குவது போல. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

சரோவுக்கு என் முத்தங்கள்.

உமது,
இளையதம்பி

*

பதுளை,
28.2.1960

அன்புள்ள அத்தானுக்கு,

தையல் எழுதுவது. கடிதம் வந்து சேர்ந்தது. கோபப்படவில்லை என்றால் படவில்லைதான். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம். ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருத்தி பிள்ளை பெறத்தான் செய்வாள்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. பாடசாலையில் எனக்கு இன்னொரு வகுப்பும் தந்துவிட்டார்கள். சரோ நன்றாய்ப் படிக்கிறாள். சாப்பாட்டில்தான் பிடிவாதம். வீட்டின் மற்றப் பாதிக்கு ஒரு புதுக்குடித்தனம் வந்திருக்கிறது. ஸவாஹிரா என்று, எங்கள் பாடசாலையிலேயே சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிற டீச்சரும் அவருடைய தாயாரும். நல்ல மனிதர்கள். இரண்டு அடுப்புக்கும் ஒரே புகைக்கூடு, ஆகையால் இன்றைக்கு யார் என்ன சமைக்கிறோம் என்பதில் மறைவு இல்லை.

உங்கள் தோட்டத்துப் பெண்களைப் போல எனக்கும் கழுத்து நோ. தையில் தொடங்கியது. கொப்பி திருத்துவதால் வருகிறது என்று நினைத்தேன், திருத்தாத நாளிலும் விடவில்லை. படுத்தால் கூடுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறது. அதனால் சுவரில் சாய்ந்தபடி நித்திரை கொள்ளப் பழகிவிட்டேன். வலது கையில் சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைத்துப்போய்க் கிடக்கின்றன.

முந்தாநாள் ஒரு பகிடி நடந்தது. பாடசாலையிலிருந்து வரும்போது ஒரு செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது. வீட்டுப் படியில் ஏறியபோது ஸவாஹிரா கேட்டார், "டீச்சர், மத்தச் செருப்பு எங்கே?" குனிந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். கடைவீதி நெடுக ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன். சரோ வெட்கத்தில் அழுதேவிட்டாள்.

இராக்கம்மாவுக்கு என்னவாம்? எழுதுங்கள்.

உங்கள்,
தையல்

*

ஹல்துமுல்லை,
13.3.1960

அன்பின் தையலுக்கு,

நலம். செருப்புக் கதையைக் கிளாக்கருக்குச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். வார் இழுத்துப் போயிருக்கும், நல்லதாக ஒன்று வாங்கும். கழுத்துக்கு ஒரு போத்தல் தைலம் பாறூக்கிடம் தந்துவிட்டேன். தோட்டத்து லொறி ஓட்டுகிறவர், கொண்டுவந்து தருவார். தலையணையைத் தாழ்த்தும். கொப்பியைக் குனிந்து திருத்தாமல் மேசையில் உயர்த்தி வைத்துத் திருத்தும்.

இராக்கம்மாவைக் கேட்டீர். கேளும்.

மறுநாள் வரச் சொன்னேன் அல்லவா, வந்தாள். பெஞ்சில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேட்டேன். நோ எப்போது கூடும் என்றேன். "படுத்தாதாங்க" என்றாள். அதுதான் முதல் மணி. பாரம் தூக்கிய கழுத்து, படுத்தால் ஆறும். படுக்கையில் கொல்லுகிற நோ, இரவில் எழுப்பி உட்கார வைக்கிற நோ வேறு சாதி. பின்னேரங்களில் உடம்பு காய்கிறதா என்றேன், ஆமாம் என்றாள். சட்டை தோளில் தொங்குகிறது, அவ்வளவு மெலிவு. பிறகு கையைப் பொத்திப் பொத்தி விரி என்றேன். வேகமாய் முடியவில்லை. விராந்தைச் சீமெந்து விளிம்பில் நேராக நட என்றேன். குடித்தவளைப் போல ஆடினாள். நல்லையா பக்கத்தில் நின்று, "ஐயா, அவ தண்ணி கிண்ணி தொடமாட்டாங்க" என்று கும்பிட்டான். முழங்காலில் தட்டினால் கால் துள்ளிப் பாய்கிறது. உள்ளங்காலைச் சாவியால் கீறினேன், பெருவிரல் கீழே மடங்காமல் மேலே போயிற்று. தையல், அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. கழுத்தெலும்பில் எதுவோ அரித்து, உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டை நெருக்குகிறது. கசமாய்த்தான் இருக்க வேண்டும், நெஞ்சில் வருகிற அதே காசநோய். இன்னும் சில வாரம் தைலம் பூசியிருந்தால் கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்திருப்பாள்.

துரையிடம் லொறி கேட்டேன். "கூடை சுமக்கிறவளுக்குக் கழுத்து நோகாமல் வேறென்ன நோகும்?" என்றார். அனுப்ப வேண்டாம் என்று உங்கள் கையால் எழுதித் தாருங்கள் என்றேன். முகம் சிவந்தது. எழுதித் தரவில்லை, லொறியைத் தந்தார்.

கழுத்து அசையாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, பலகையில் படுக்கவைத்து, பாறூக்கிடம், "முட்டை ஏற்றினதாக நினைச்சு ஓட்டு" என்றேன். "ஐயா, இன்டைக்கு எருமையே முந்திப் போகும்" என்றார். நான் பதுளை ஆஸ்பத்திரிக்கு விவரமாய் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். பாறூக் அன்று மாலையே வந்து, சேர்த்துவிட்டார்கள் என்றார். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு நான் நன்றாய்ச் சாப்பிட்டேன்.

சரோவைச் சாப்பிடச் சொல்லும்.

உமது,
இளையதம்பி

*

பதுளை,
27.3.1960

அன்புள்ள அத்தானுக்கு,

தைலம் கிடைத்தது. வீடு முழுவதும் அதன் மணம். ஸவாஹிராவின் தாயார் அடுத்த அடுப்பிலிருந்து தும்முகிறார்.

தேர்தலுக்காகப் பாடசாலையை மூடியிருந்தார்கள். வகுப்பறையில்தான் வாக்குப் பெட்டி வைத்தார்கள். திறந்தபோது கரும்பலகையில் யாரோ கட்சிச் சின்னம் கீறியிருந்தார்கள். அழிக்கக் கை தூக்கினேன், துடைப்பான் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், திரும்ப விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போதெல்லாம் வெண்கட்டியும் அப்படித்தான். பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன், கீழே கிடக்கும். உங்கள் மலையில் தேர்தல் நாளும் விடியவே ஆள் எண்ணி வேலைக்குப் பெரட்டுக் கூட்டியிருப்பார்கள். குடியுரிமை இல்லாத அந்தச் சனத்தில் யாருக்கு வாக்கு இருக்கிறது?

தலையணையைத் தாழ்த்தினேன், எடுத்தே விட்டேன். வித்தியாசம் இல்லை. தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் போல ஒன்று கால் வரைக்கும் ஓடுகிறது. ஒரு கணம்தான், பிறகு போய்விடும். சரோவுக்குத் தலை பின்னிவிட என் விரல்கள் கேட்கவில்லை. அவள் ஸவாஹிராவிடம் போய்ப் பின்னிக்கொள்கிறாள். அவர் பின்னுவது என்னைவிட அழகு என்கிறாள்.

இராக்கம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சரோவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அப்பா கெட்டிக்காரன்" என்றாள். ஆம் என்றேன்.

புதுவருஷத்துக்கு வருவீர்களா? வருவதானால் முன்னதாக எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

தையல்

*

ஹல்துமுல்லை,
10.4.1960

அன்பின் தையலுக்கு,

பெரிய செய்தி. பதுளைப் பெரிய டொக்டர் தம் கையாலேயே எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே எடுத்தார்களாம். நான் சொன்னது சரி, கழுத்தெலும்பில் கசம், பக்கத்தில் சீழ்க்கட்டி. கழுத்து அசையாதபடி நாடியிலிருந்து இடுப்பு வரைக்கும் மாக்கட்டுப் போட்டு, ஊசி தொடங்கிவிட்டார்கள். கால்கள் பிழைக்கும் என்று நம்புகிறார். "இப்படிப் பார்த்து அனுப்புகிறவர்கள் குறைவு" என்று ஒரு வரி. அந்த வரியைத் துரைக்குக் காட்டினேன். சுருட்டைப் பற்றவைத்தார்.

இப்போது பக்கத்துத் தோட்டங்களின் டிஸ்பென்சர்மார் என்னைத் தேடி வருகிறார்கள். கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்தார். கழுத்து நோ என்று வந்தால் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்போகிறேன். கழுத்தை மட்டும் பார்த்து அனுப்பாதே, கையைப் பார், நடையைப் பார். காய்ச்சலோடு கழுத்து வளையாமல் வந்தால் ஒரு மணித்தியாலமும் வைத்திருக்காதே. விழுந்து அடிபட்டு வந்தால் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவே பார்க்காதே. இவ்வளவுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை.

இந்தக் கூட்டம் புதுவருஷ லீவில்தான் வைக்கலாம் என்கிறார்கள். ஆகையால் என்னால் வர முடியாது. குறை நினைக்க வேண்டாம்.

நீர் ஒரு உதவி செய்ய வேண்டும். இராக்கம்மாவை ஒருமுறை ஆஸ்பத்திரியில் போய்ப் பாரும். நல்லையாவுக்கு லீவு இல்லை, அவளைப் பார்க்க அங்கே ஒரு சனம் இல்லை. கஞ்சி ஏதாவது கொண்டுபோம். எப்படி இருக்கிறாள், விரல்கள் எப்படி, கால்கள் எப்படி என்று விவரமாகக் கேட்டு எழுதும்.

தைலம் தீர்ந்துவிட்டால் சொல்லும்.

உமது,
இளையதம்பி

*

பதுளை,
24.4.1960

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் கேட்டபடி இராக்கம்மாவைப் போய்ப் பார்த்தேன். விவரமாய் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கை சொல் கேட்கவில்லை, எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்டின் கோடியில் கிடந்தாள். வெள்ளை மாக்கட்டுக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும், "டொக்டரய்யா வீட்டம்மாங்களா? ஐயோ, எந்திரிச்சு கும்பிடக்கூட முடியலீங்களே" என்றாள். கண்ணால் கும்பிட்டாள். பக்கத்தில் முக்காலி போட்டு இருந்தேன்.

"இப்போ எப்படி இராக்கம்மா?" என்று கேட்டேன்.

"வலி போயிருச்சுங்க. வெரலு இன்னமும் மரத்துத்தாங்க கெடக்கு. காலு கொஞ்சம் தேவல, நேத்து நர்சம்மா கிச்சுக்கிச்சு காட்டுனப்ப தெரிஞ்சிச்சு."

"தொடக்கத்தில் என்ன செய்தது?"

"மொதல்ல வலிதாம்மா. படுத்தா கொன்னு போட்டுரும். சொவத்துல சாஞ்சுக்கிட்டே கெடப்பேன், புள்ளைங்க பாத்து பயப்படும். அப்புறம் கொழுந்து கிள்ளினா வெரலுக்குள்ள இருக்கா இல்லையான்னே தெரியல. பாத்துப் பாத்துத்தான் கிள்ளணும். கங்காணி ஏசுவாரு, 'தூங்கிக்கிட்டா எடுக்கிற?'ன்னு. நடந்தா காலு ஒரு பக்கம் வைப்பேன், அது ஒரு பக்கம் போவும். கல்லு குத்தி ரத்தம் வந்திருக்கும், லயத்துக்கு வந்துதான் பாப்பேன்."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"நா வலின்னு மட்டுந்தாம்மா சொன்னேன். ஐயாதான் ஒன்னொன்னா கேட்டாரு. படுத்தா எப்படி இருக்கு, கை எப்படி இருக்குன்னு. பொறந்ததுலேர்ந்து என்னைய யாரும் அப்படி உக்கார வச்சு கேட்டதில்லீங்க. நீங்க குடுத்து வச்சவுங்கம்மா."

கஞ்சியை ஊட்டலாம் என்று கரண்டியை எடுத்தேன். அவளுடைய மாக்கட்டின் மேல் கொட்டிவிட்டேன். அவள்தான், "பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா" என்றாள். தாதி வந்து துடைத்தாள். அந்தத் தாதியிடமே, பெரிய டொக்டரை நான் பார்க்கலாமா என்று கேட்டேன்.

அவர் என்னைக் கையைப் பொத்தி விரிக்கச் சொன்னார். நேராக நடக்கச் சொன்னார். முழங்காலில் தட்டினார். உள்ளங்காலைக் கீறினார். எல்லாம் நீங்கள் எழுதியிருந்த வரிசையிலேயே நடந்தது, அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் பெருவிரலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலேதான் போயிற்று.

கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து, "ஹல்துமுல்லையிலிருந்து அந்தக் கடிதத்தை எழுதியவரா? அதை இங்கே எல்லா டொக்டர்மாருக்கும் காட்டினேனே" என்றார். பிறகு, "அவருக்கு நீங்கள் சொல்லவில்லையா?" என்று கேட்டார். நான் தோட்டம் தூரம் என்று சொன்னேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, மெலிவு இல்லை, ஆகவே இராக்கம்மாவினுடையது போல அல்ல என்கிறார். உள்ளே வேறு ஏதோ வளர்ந்து நெருக்குகிறது. கொழும்பில் நரம்புத் தண்டு வைத்தியம் செய்கிறவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தாமதிக்கக் கூடாது என்றார். என்னை இங்கே வார்டிலேயே மறித்துவிட்டார்கள். சரோ ஸவாஹிராவோடு இருக்கிறாள்.

எனக்குப் பயமாக இல்லை. எதுவும் தோன்றவும் இல்லை. நீங்கள் ஓடி வர வேண்டாம்.

தையல்

*

ஹல்துமுல்லை,
2.5.1960

என் தையலுக்கு,

நேற்று வந்து உம்மைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பஸ்ஸில் வந்தேனா நடந்து வந்தேனா தெரியாது.

உமது கட்டிலருகே நின்றபோது ஒன்றும் கேட்க வாய் வரவில்லை. உமது கையைப் பார்க்கக் கேட்டேன், நீர் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, "டொக்டர் பார்த்துவிட்டார்" என்றீர். சரோவின் பாடத்தைப் பற்றிப் பேசினோம். வார்டில் ஆட்கள் இருந்தார்கள், எனக்கும் வெட்கம். ஆகையால் எழுதிக் கேட்கிறேன். நோ எப்போது தொடங்கியது? படுத்தால் கூடுகிறதா? எந்த விரல்கள் முதலில் விறைத்தன? கால் எப்போதிருந்து தடுமாறுகிறது? குனிந்தால் முதுகில் ஏதாவது தெரிகிறதா? சலம் போவதில் தடங்கல் உண்டா? இவை எல்லாம் கொழும்பு டொக்டருக்கு வேண்டியவை. அவருக்கு நானே எல்லாம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தயவுசெய்து ஒன்றையும் விடாமல் எழுதும்.

லீவுக்குத் துரையிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை வாதாட வேண்டியிருக்கவில்லை, உடனே தந்தார்.

கொழும்புக்கு நான் கூட வருவேன்.

இளையதம்பி

*

பதுளை,
6.5.1960

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சொல்ல ஸவாஹிரா எழுதுகிறார். ஆகவே எழுத்து இம்முறை அழகாயிருக்கும்.

கேட்டவற்றுக்குப் பதில். நோ தையில் தொடங்கியது, எழுதியிருந்தேன். படுத்தால் கூடும், எழுதியிருந்தேன். சின்ன விரலும் பக்கத்து விரலும் முதலில் விறைத்தன, எழுதியிருந்தேன். இப்போது கை முழுவதும். குனிந்தால் மின்சாரம் போல ஓடும், அதையும் எழுதியிருந்தேன். கால் எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது, செருப்புப் போன அன்று முதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சலத்தைப் பற்றி எழுதவில்லை. அது போன கிழமை தொடங்கியது. ஸவாஹிராவை எழுதச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அவர் தலை நிமிராமல் எழுதுகிறார்.

கொழும்பிலிருந்து கட்டில் இருக்கிறது என்று செய்தி வந்துவிட்டது. புதன்கிழமைக் காலை ரயிலில் ஒரு தாதியோடு அனுப்புகிறார்கள். நீங்கள் ஹப்புத்தளையில் ஏறிக்கொள்ளலாம்.

இராக்கம்மாவைப் பற்றி முந்திக் கேட்டிருந்தீர்கள். இப்போது நாலு கட்டில் தள்ளி இருக்கிறேன், ஆகையால் நன்றாகச் சொல்லலாம். இடது காலை மடக்குகிறாள். தினமும் நல்லையா வருவான் என்று வாசலைப் பார்க்கிறாள். அவனுக்கு ஒரு நாள் லீவு வாங்கிக் கொடுங்கள். உங்களால் முடியும்.

தையல்

ஐயாவுக்கு ஸலாம். மேலே உள்ளதை டீச்சர் சொன்னபடி ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் இதைச் சேர்த்து எழுதியிருக்க மாட்டேன். சரோவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், என் உம்மாவின் பக்கத்திலேயே படுக்கிறாள். — ஸவாஹிரா

*

ஹல்துமுல்லை,
10.7.1960

என் அன்பின் தையலுக்கு,

கொழும்பிலிருந்து உம்மைப் பதுளையில் கொண்டுவந்து விட்டுத் திரும்பிய நாளிலிருந்து உம்மிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. கை எழுத விடாது என்று தெரியும். சரோவாவது இரண்டு வரி எழுதலாமே.

ஒவ்வொரு நாளும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். உள்ளே இருந்தது கொட்டைப்பாக்களவு கட்டி. புற்று அல்ல, முழுவதும் எடுத்தாயிற்று. அந்த டொக்டர்தான் என்னை விராந்தைக்கு அழைத்துச் சொன்னார். கால் வந்துவிடும், கை எவ்வளவு வரும் என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் முந்தி வந்திருந்தால் என்று ஏதோ தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார். நான் ஊசி முனையால் உமது விரல்களைக் குத்திப் பார்த்த ஒவ்வொரு காலையிலும் நீர் "தெரியவில்லை" என்று ஒரே குரலில் சொல்வீர். அந்தக் குரல் இங்கே டிஸ்பென்சரியில் மருந்து கலக்கும்போதும் கேட்கிறது.

எனக்கு ஒரு யோசனை. பாடசாலையை விட்டுவிட்டு இங்கே வாரும். வீட்டில் முன் அறையை உமக்கென்று ஒழித்து வெள்ளையடித்துவிட்டேன். வெயில் படுகிற அறை, தெளிந்த நாளில் மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வரைக்கும் தெரியும். உதவிக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன். நானே தினமும் உமது கைக்குப் பயிற்சி தருவேன். சரோவை ஹப்புத்தளையில் சேர்க்கலாம். எத்தனையோ வருஷம் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம், போதும்.

நீர் என்னிடம் ஒருமுறையாவது, "நீங்கள் கவனித்திருக்க வேண்டும்" என்று சொன்னால் நன்றாயிருக்கும். நான் காத்திருக்கிறேன்.

இப்போது நோ இருக்கிறதா? நித்திரை வருகிறதா? எழுதும்.

உமது,
இளையதம்பி

*

பதுளை,
24.7.1960

அன்புள்ள அத்தானுக்கு,

இதை நானே எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். பென்சிலைச் சீலைத் துண்டால் சுற்றித் தடிப்பாக்கித் தந்திருக்கிறாள் சரோ. பிடித்திருக்கிறேனா என்று பார்த்துப் பார்த்து எழுத வேண்டும்.

கழுத்து நோ இல்லை. படுத்து நித்திரை கொள்கிறேன். சுவரைப் பிடிக்காமல் நடக்கிறேன். கை அப்படியேதான். பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். நாற்காலியில் இருந்து படிப்பிக்கிறேன், கரும்பலகையில் பிள்ளைகள் மாறி மாறி எழுதுகிறார்கள். பெரிய டொக்டர் சம்மதித்தார்.

இராக்கம்மாவை இப்போதும் போய்ப் பார்க்கிறேன். அவள் பேசுவாள், நான் இருப்பேன். நல்லையாவுக்கு லீவு வாங்கித் தந்தீர்களாம், வந்துவிட்டுப் போனானாம். அன்றைக்கு முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குணமாகி வரும்போது கூடை சுமக்க விடாதீர்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவிலோ தொழிற்சாலையிலோ இருந்து செய்கிற வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

கொழும்பில் ஒரு பின்னேரம் நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வெளியே ஒரு வேப்பமரம், காகம், வேறொன்றும் இல்லை. தாதி வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று திரும்பினேன். என் கை உங்கள் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள். எவ்வளவு நேரமாகப் பிடித்துக்கொண்டிருந்தீர்களோ எனக்குத் தெரியாது. நான் திரும்பவும் யன்னலைப் பார்த்தேன்.

கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லச் சொல்கிறீர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் கோபம் வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் நல்ல வைத்தியர். கொழும்பில் நீங்கள் என்னைக் கவனித்தது போல யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், அதை எல்லாரிடமும் சொல்கிறேன்.

அறையை வெள்ளையடித்திருக்கிறீர்கள். நான் வரவில்லை. நோ இருக்கிறதா, நித்திரை வருகிறதா என்று இப்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். எனக்குத்தான் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிற்று. அங்கே வந்தால் தினமும் கேட்பீர்கள், தினமும் நான் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும். இங்கே ஸவாஹிராவும் தாயாரும் ஒன்றும் கேட்பதில்லை. சோற்றைப் பிசைந்து சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். எனக்கு அது போதுமாயிருக்கிறது.

ஆவணி லீவுக்குச் சரோவை அனுப்புகிறேன். கேட்டாள், அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று. வெள்ளிக்கிழமைக் காலை ரயிலில் ஏற்றிவிடுவேன். அங்கேயிருந்து அவளைத் தனியே பஸ்ஸில் வர விட வேண்டாம், ஹப்புத்தளை ஸ்டேசனுக்கு நீங்களே வந்து நில்லுங்கள். குளிருக்கு மேற்சட்டை வைத்திருக்கிறேன், போட மாட்டேன் என்பாள், போடச் செய்யுங்கள்.

தையல்நாயகி